வியர்க்காத குழாய்

என் உடம்பில் மார்புக்கு மேலேதான் வியர்க்கும். அதற்குக் கீழே எந்த வெயிலிலும் ஒரு துளி வராது. சங்கு குளிக்கப் போன காலத்தில் ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்துவிட்டேன். முதுகில் கட்டியிருந்த சிலிண்டரில் காற்று முடிந்துகொண்டிருந்தது, வேறு வழியில்லை. வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து, தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடித்தது நினைவிருக்கிறது. எழும்பப் பார்த்தபோது கால்கள் எழும்பவில்லை. பிறகு எழும்பவே இல்லை. அவசரமாக மேலே வந்ததில் மார்புக்குக் கீழே நரம்பெல்லாம் செத்துவிட்டது என்றார்கள்.

நடக்க முடியாது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். வியர்க்காது என்பது வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. தலைமன்னாரில் பங்குனி வெயில் தகரக் கூரையில் இறங்கும்போது மற்றவர்களின் உடம்பு வியர்த்துக் கொஞ்சமாவது ஆறும். என் உடம்பு அடுப்பில் வைத்த வெறும் சட்டி மாதிரிச் சூடேறிக்கொண்டே போகும். தலை இடிக்கும், கண் இருளும், பேச்சுக் குழறும். இடுப்பில் கட்டுகிற சாரத்தை நனைத்துப் போர்த்திக்கொண்டு கோடைகளைக் கழித்தேன். மனைவி வாளியும் கையுமாகப் பக்கத்திலேயே நின்றாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளிடம் சொன்னார்.

"இவரைக் குளிரான அறையிலை வைச்சிருங்கோ. இது சொகுசு இல்லை. மருந்து குடுக்கிற மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ."

அந்த வசனத்தை நான் போனில் அண்ணனுக்கு அப்படியே ஒப்புவித்தேன். அண்ணன் பனி பெய்கிற நாடொன்றில் இருக்கிறார். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து அவர் அங்கே போனார், நான் திரும்பி இங்கே வந்தேன். கேட்டவுடனே ஏசி வாங்கித் தந்தார். கறண்ட் பில்லையும் தானே கட்டுவதாகச் சொன்னார். அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். தந்தவர் அவர்தான்.

பூட்டுவதற்கு ஆளையும் அவரே ஒழுங்கு செய்தார். மன்னார் டவுனிலிருந்து வந்தவன் அண்ணனோடு படித்த ஒருவரின் தம்பி. குளிர்காற்று முகத்தில் நேரே அடித்தால் எனக்கு இருமல் வரும் என்பதால், உள்பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் உயரத்தில் பூட்டினான். வெளிப்பெட்டியை வீட்டுக்குப் பின்னால், கடலைப் பார்த்த சுவரில் வைக்கப் போனான். நான் அறைக்குள் இருந்தபடி சொன்னேன்.

"தம்பி, மற்றப் பக்கம் வையும். இந்தப் பக்கத்து உப்புக் காத்து செம்புக் குழாயைத் திண்டிடும்."

"பயப்பிடாதேங்கோ அண்ணை. பத்து வருசத்துக்கு ஒண்டும் ஆகாது."

மற்றப் பக்கத்தில் வைத்தால் குழாய் நீளம் போதாது என்று மனைவியிடம் சொன்னதை யன்னல் வழியாகக் கேட்டேன். போகும்போது ஒரு நல்ல விசயமும் சொல்லிவிட்டுப் போனான். வெளிப்பெட்டியில் இரண்டு செப்புக் குழாய் வந்து பொருந்தும், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. மெசின் ஓடும்போது தடித்த குழாயில் தண்ணீர் வியர்த்து நிற்க வேண்டும், அப்படி நின்றால் ஒரு குறையும் இல்லை என்றான்.

முதல் கோடை சொர்க்கம். நான் அந்த அறையில் பேப்பர் வாசித்தேன், ரேடியோ கேட்டேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நண்டு துப்புரவாக்கும் கொம்பனிக்கு மனைவி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். மத்தியானத்தில் வாளியோடு என் பக்கத்தில் நிற்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

அடுத்த கோடையில் அது மாறத் தொடங்கியது. முதலில் நான் கவனித்தது நேரத்தை. முன்பெல்லாம் அவள் ரிமோட்டை அமத்திவிட்டுக் குசினிக்குப் போய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வருவதற்குள் அறை குளிர்ந்திருக்கும். இப்போது குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்த பிறகும் என் நெற்றி ஈரமாகவே இருந்தது. காற்று வந்தது, குளிர் வரவில்லை. முன்பு அறை குளிர்ந்ததும் வெளிப்பெட்டி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு இளைப்பாறும். இப்போது காலையில் தொடங்கினால் பொழுதுபட்டாலும் ஓய்வில்லாமல் உறுமிக்கொண்டே இருந்தது.

பிறகு அந்தச் சத்தம். மெசினை நிறுத்திய பிறகு சுவர்ப் பக்கமிருந்து மெல்லிய சீறல் ஒன்று கேட்கும். எனக்கு அது புதுச் சத்தமில்லை. சிலிண்டரின் வாயில் இருக்கிற றப்பர் வளையம் தேய்ந்துபோனால் அப்படித்தான் சீறும். கடலுக்குப் போகிறவன் அதைக் கேட்டால் அன்றைக்கு அந்தச் சிலிண்டரைத் தொடமாட்டான்.

"காஸ் கசியுது," என்று மனைவியிடம் சொன்னேன்.

"நாள் முழுக்க அதையே பாத்துக்கொண்டு கிடக்கிறியள். அதுதான் எல்லாச் சத்தமும் கேக்குது," என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. காலை இருட்டோடு போய், நண்டுச் சதை நோண்டிய விரல்கள் விறைக்க வீட்டுக்கு வருகிறவள்.

அவளை நம்ப வைத்தது கறண்ட் பில். வழக்கம்போல அதைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள். அன்றைக்கே அண்ணன் போன் எடுத்தார்.

"என்னடா பில் இப்பிடி ஏறிக் கிடக்கு? கதவைத் திறந்து போட்டிட்டே படுக்கிறனீ?"

"இல்லை அண்ணா. மெசினிலை காஸ் கசியுது. குளிர் வராததாலை அது நிக்காமல் ஓடுது. அதுதான் பில் ஏறுது."

"நீ எப்ப தம்பி ஏசி மெக்கானிக் ஆனனீ?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவளின்ரை ஆக்கள் ஆரும் வந்து அறையிலை படுக்கினமே? உண்மையைச் சொல்லு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மனைவி பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டிருந்த சாரத்தை அப்படியே மடியில் வைத்தாள். "சொல்லுங்கோவன்," என்று என்னைப் பார்த்தாள். "ஆரும் இல்லை அண்ணா," என்றேன். "சரி, சரி, ஆளை அனுப்பிறன்," என்றார்.

பூட்டியவனே வந்தான். உள்பெட்டியின் வலையைக் கழற்றிக் கழுவினான். பின்னால் போய் ஏதோ செய்தான். திரும்பி வந்து, கட்டிலில் கிடக்கிற என்னைத் தாண்டிக் கதவடியில் நின்ற மனைவியிடம் சொன்னான்.

"அக்கா, காஸ் குறைஞ்சு போச்சு. அடிச்சு விட்டிருக்கிறன். வருசத்துக்கு ஒருக்கா இப்பிடி அடிக்கத்தான் வேணும்."

"தம்பி," என்றேன், "அடைச்ச குழாயிலை இருக்கிற காஸ் தானா எங்கை போகும்? அது எரிஞ்சு முடியிற சாமான் இல்லையே. குறைஞ்சால் எங்கையோ ஓட்டை இருக்கு. சவர்க்காரத் தண்ணி போட்டுப் பாரும், ஓட்டையாலை குமிழி வரும்."

அவன் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிற பைத்தியக்காரனுக்கு நாங்கள் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. பிறகு மறுபடியும் அவளைப் பார்த்து, "இனிப் பிரச்சினை இராது அக்கா," என்றான். கால் இரண்டும் இயங்காமல் போன நாளிலிருந்து நான் இதைக் கண்டுகொண்டுதான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியிலும் அரசாங்கக் கந்தோரிலும் என்னைப் பற்றிய கேள்வியை என் தலைக்கு மேலால் இன்னொருவரிடம்தான் கேட்பார்கள். இருந்தாலும் என் அறையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அப்படிச் செய்தபோது அது இன்னும் கசந்தது.

சில கிழமைகள் குளிர்ந்தது. பிறகு பழையபடி. மறுபடியும் வந்து அடித்தான், மறுபடியும் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மனைவி தானாகவே, "என்ன பாக்கவேணும் எண்டு சொல்லுங்கோ, நான் போய்ப் பாக்கிறன்," என்றாள். வீட்டுக்குப் பின்னால் முழுக்க மணல். சக்கர நாற்காலி அங்கே போகாது. நான் யன்னலடியில் இருந்துகொண்டு கத்தினேன், அவள் வெளியில் நின்று பதில் சொன்னாள்.

"தடிச்ச குழாயிலை தண்ணி வேர்த்து நிக்குதே?"

"இல்லை. காஞ்சு கிடக்கு."

"மற்றது?"

"மெல்லிசுக் குழாயிலை உப்புப் பூத்துக் கிடக்கு. வெள்ளையா, கட்டியா."

கடற்கரைச் சுவரில் உப்புப் பூக்கிறது எங்களுக்குப் புதினமில்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் வந்தது. "தொட்டுப் பாரும்," என்றேன்.

"ஐயோ!" என்று கத்தினாள். "ஐஸ்! இஞ்சேருங்கோ, இந்த வெயிலுக்கை ஐஸ் கட்டிக் கிடக்கு!" அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன். அந்த வருசத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுவாகத்தான் இருக்கும்.

மெசினை நிறுத்தி ஐஸ் கரைந்த பிறகு, குழாய்கள் பெட்டியோடு பொருந்துகிற இடத்தில் சவர்க்கார நுரையைக் குழைத்துப் பூசச் சொன்னேன். தடித்த குழாயின் நட்டுக்குக் கீழே செம்பு பச்சை பிடித்திருந்ததாம். அதைச் சுற்றி எண்ணெய் படிந்து, அதில் மண் ஒட்டிக் கறுத்திருந்ததாம். அவள் நுரையைப் பூசிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"வருது," என்றாள் பிறகு. "நண்டு வாயாலை நுரை தள்ளுமே, அப்பிடித் தள்ளுது. துடைச்சாலும் திரும்பத் திரும்ப வருது."

அவள் அதைப் போனில் வீடியோ எடுத்தாள். நான் பார்த்தேன். பச்சை பிடித்த செம்பில் முட்டை முட்டையாக நுரை எழும்பி உடைந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. சொல்லிச் சொல்லிக் களைத்த ஒன்றைக் கண்ணால் காட்ட முடிகிறதே. அண்ணனுக்கு அனுப்பினோம்.

மறுநாள் குரல் பதிவு வந்தது. "சவர்க்காரம் போட்டா நுரை வரும்தானே," என்றார் அண்ணன். "கண்டதையும் பூசி மெசினைப் பழுதாக்காதேங்கோ. வாறண்டி இருக்கு. தெரிஞ்சவன் பாப்பான்."

தெரிந்தவன் கோபத்தோடு வந்தான். பச்சை பிடித்த இடத்தைச் சுற்றி, கறண்ட் வயருக்குச் சுற்றுகிற கறுத்த ரேப் ஒட்டினான். காஸ் அடித்தான். "அக்கா, இனிமேல் அண்ணையைக் கைவைக்க விடாதேங்கோ," என்றான். நான் கைவைத்தேனாம். அந்த வெளிப்பெட்டியை நான் நேரில் கண்டதுகூட இல்லை.

அவன் போன பிறகு மனைவி சொன்னாள், "அவன் ஏன் ரேப் ஒட்டினவன்? அங்கை ஓட்டை இருக்கிறது அவனுக்குத் தெரியும்." வேறு ஆளைப் பிடிப்போம் என்று அவளே அண்ணனிடம் கேட்டாள். அண்ணன் சத்தம் போடவில்லை. மெதுவாகச் சொன்னார். "நான் ஒழுங்கு பண்ணின ஆளை விட்டிட்டு வேற ஆளைக் கூப்பிட்டால், பிறகு பில்லுக்கும் என்னட்டை வராதேங்கோ."

அவர் கட்டாவிட்டால் ஏசி ஓடாது. ஏசி ஓடாவிட்டால் அவள் வேலைக்குப் போக முடியாது. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

சோளகக் காற்றுத் தொடங்கியிருந்தது. மணலை அள்ளிக்கொண்டு வந்து வீட்டின் முதுகில் அறையும் காலம் அது. அந்த நேரத்தில் மன்னார்ப் பக்கம் தாராபுரத்தில் இருந்த மாமிக்கு, மனைவியின் தாய்க்கு, நோய் கூடி ஆஸ்பத்திரியில் வாட்டில் மறித்துவிட்டார்கள். பக்கத்தில் இருக்க வேறு ஆள் இல்லை. என்னை விட்டுப் போக மனைவிக்கு விருப்பமில்லை. போகாமலும் இருக்க முடியாது. எங்கள் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் வந்து என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நல்ல மனுசி. நேரத்துக்குச் சாப்பாடு தந்தார், முகம் துடைக்கத் துவாய் நனைத்துத் தந்தார், பின்னேரத்தில் கதிரையை இழுத்துப் போட்டுச் செபமாலை சொன்னார்.

ரேப் ஒட்டிய இடம் அந்த நாட்களில் மறுபடி கசியத் தொடங்கியது. இப்போது ஐஸ் வெளியில் மட்டுமில்லை, உள்பெட்டிக்குள்ளும் கட்டியது. மத்தியானத்தில் காற்று மெலிந்து மெலிந்து வந்து, பிறகு நின்றேபோகும். பெட்டியின் வாய்க்குள் வெள்ளையாகத் தெரியும். எனக்குத் தலை இடிக்கத் தொடங்கும். "அக்கா, கொஞ்ச நேரம் நிப்பாட்டி விடுங்கோ, ஐஸ் கரையட்டும்," என்பேன். அவர் நிற்பாட்டுவார். ஈரச் சாரத்தால் என் மார்பை மூடுவார். ஐஸ் கரைந்து தண்ணீர் பெட்டியின் தட்டை நிரப்பி வழிந்து, சுவரோடு ஒழுகிக் கட்டிலின் கால்மாட்டுக்கு வரும். அக்கா அதைக் கண்டார். ஒரு துவாயை மடித்துக் கால்மாட்டில் வைத்தார்.

"அக்கா, மெத்தை நனையுதே?" என்று கேட்டேன்.

"இல்லையடா. துவாய் போட்டிருக்கிறன். நீ படு."

துவாய் போட்டிருந்தது உண்மை. துவாய்க்குக் கீழே விரிப்பும் மெத்தையும் ஊறியிருந்ததும் உண்மை. மெசினை மறுபடி போட்டால் ஐஸ் கட்டும், நிற்பாட்டினால் தண்ணீர் ஒழுகும். ஒவ்வொரு நாளும் அதுதான். என் குதிக்கால்கள் இரண்டும் அந்த ஈரத்தில் அழுந்திக் கிடந்தன. உங்களுக்கு என்றால் குளிரும், அரிக்கும், நோகும், காலை இழுத்துக்கொள்வீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. மெசினின் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டேன், ஐஸைக் கண்டேன், காற்று மெலிவதை முகத்தில் உணர்ந்தேன். தண்ணீரை மட்டும் நான் அறியவில்லை. மனைவி இருந்தால் காலையில் என் கால்களைத் தூக்கிப் பார்த்துத் துடைத்து எண்ணெய் பூசுவாள். அக்காவுக்கு என் சாரத்தை விலக்கிப் பார்க்கக் கூச்சம். அவரிடம் அப்படிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. காய்ச்சல் வந்தபோதும் வெக்கையால்தான் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

மனைவி திரும்பி வந்த காலை, கையில் பையோடு அறை வாசலில் அப்படியே நின்றாள்.

"என்ன மணம் இது?"

"ஏசித் தண்ணி," என்றேன்.

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு வந்து கால்மாட்டு விரிப்பைத் தூக்கினாள். அவள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வலது குதிக்கால் கறுத்து, வெடித்து, உள்ளே வெள்ளை தெரிந்ததாம். அதை அவள் பிறகு ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸிக்குச் சொல்லும்போதுதான் நான் கேட்டேன். அக்கா குசினியில் நின்று அழுதார். மனைவி அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓட்டோவுக்குப் போன் பண்ணினாள்.

மன்னாரில் கொஞ்சக் காலம், பிறகு யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம். புண்ணைத் துப்புரவாக்கினார்கள், வெட்டினார்கள், மறுபடியும் துப்புரவாக்கினார்கள். எலும்புக்குள் போய்விட்டது என்றார்கள். உயிர் வேண்டுமென்றால் காலை விடவேண்டும் என்று ஒரு டொக்டர் என் கட்டிலில் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்த்து, என்னிடமே சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அண்ணன் வாட்டுக்குப் போன் எடுத்தார். உண்மையிலேயே கவலைப்பட்டார். பிறகு ஆறுதலாக ஒன்று சொன்னார்.

"எப்பிடியும் வேலை செய்யாத கால்தானே தம்பி. மனசைத் தளர விடாதை."

அன்றைக்கு நான், "ஓம் அண்ணா," என்றேன். அதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? நடக்காத கால்தான். ஆனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது அந்தக் காலின் பாரம்தான் என்னை விழாமல் நிறுத்தியது. இப்போது மாறும்போது ஒரு பக்கம் சரிகிறேன். அவள் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுக்கிறாள், இரண்டு பேருக்கும் மூச்சு வாங்குகிறது. அதைவிட, அது என் கால். வள்ளத்தில் ஏறி இறங்கிய கால். கோயிலில் முழங்காலில் நின்ற கால். உணர்ச்சி இல்லாவிட்டாலும் சாரத்துக்கு வெளியே இரண்டு பாதங்கள் தெரிந்தன. இப்போது ஒன்று தெரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அண்ணனிடம் கேட்கவில்லை. தன் சம்பளத்தில் முருங்கன் பக்கமிருந்து வேறு ஒருவரைக் கூப்பிட்டாள். அவர் ரேப்பை உரித்துப் பார்த்தார். பழுதான துண்டை வெட்டி எறிந்து புதுச் செம்புக் குழாயை ஒட்டினார், புது நட்டுப் போட்டார், குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் காஸைத் தராசில் நிறுத்து அடைத்தார். காலையில் தொடங்கிய வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் முடிந்தது. "இவ்வளவு சின்ன வேலையை ஏன் இவ்வளவு காலம் விட்டிட்டியள்?" என்று கேட்டார். மனைவி காசை எண்ணிக் கொடுத்தாள்.

மார்கழியில், ஒரு பின்னேரம், அண்ணன் வீடியோவில் வந்தார். வீட்டுக்குள்ளேயே தடித்த ஜக்கெற் போட்டிருந்தார். பின்னால் அண்ணியும் போர்வையோடு திரிந்தார்.

"பெரிய கரைச்சல் தம்பி," என்றார். "இஞ்சை வீட்டைச் சூடாக்கிற மெசின் பழுதாப் போச்சு. உங்கடை ஏசி மாதிரித்தான், மறுவளமா வேலை செய்யும். கொஞ்ச நாளா அறை சூடாக நேரம் எடுத்தது. பில் ஏறினது. பாத்தால் வெளிப்பெட்டி முழுக்க ஐஸ் கட்டிக் கிடக்கு. உசுக்கெண்டு ஒரு சத்தமும். உடனை கொம்பனிக்குப் போன் அடிச்சன். காஸ் லீக்காம்."

மனைவி கட்டிலின் மறுபக்கத்தில் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி சட்டிக்குள் நின்றது.

"அசட்டையா விடக் கூடாது தம்பி," என்றார் அண்ணன். "விட்டால் மெசினே போயிடும் எண்டவங்கள். பிள்ளையள் ஒரு ராத்திரி குளிரிலை விறைச்சுப் போச்சுதுகள். அடுத்த நாளே ஆக்கள் வந்து ஓட்டையைக் கண்டுபிடிச்சு ஒட்டிட்டுப் போட்டாங்கள். இனிச் சரிவரும்."

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நான் அவருக்குச் சொன்ன அதே வரிசை. எங்கேயாவது ஒரு இடத்தில் நிற்பார், முகம் மாறும் என்று அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாறவில்லை. அவர் மறைக்கவில்லை, அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்குப் புத்தி சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"ஓட்டையை எப்பிடிக் கண்டுபிடிச்சவங்கள் அண்ணா?" என்று கேட்டேன்.

"ஏதோ கருவி வைச்சுப் பாத்தாங்கள். பிறகு நுரை மாதிரி ஒண்டைப் பூசினாங்கள். புசு புசெண்டு வந்துது. அதுதான் முறையாம்."

மனைவி கரண்டியை வைத்துவிட்டு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். அவள் அவரோடு நேரே பேசி எவ்வளவோ காலம்.

"சவர்க்காரம் போட்டா நுரை வரும்தானே அத்தான்," என்றாள். போனை நிறுத்திக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அவருக்கு விளங்கியதோ தெரியாது. கொஞ்சக் காலம் போன் எடுக்கவில்லை. பில் மட்டும் தவறாமல் கட்டப்பட்டது. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடியும் பேசத் தொடங்கினார், காலநிலை, பிள்ளைகளின் படிப்பு, ஊர்ப் புதினம்.

ஆவணியில் மடு மாதா திருநாளுக்கு வந்தார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு என் அறைக்குள் அண்ணன். குனிந்து என்னைக் கட்டிப்பிடித்தார், கண் கலங்கினார். சாரம் மடிந்து கிடந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார் என்பது தெரிந்தது. கதிரையில் உட்கார்ந்து, "நல்ல குளிராய்த்தான் இருக்கு," என்றார். வெயிலில் வந்த களைப்பில் கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்து நித்திரையானார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். தலைமயிர் நரைத்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கேட்க வேண்டியதெல்லாம் தொண்டைவரை வந்தது. எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அழுவார், அழுதுவிட்டு மன்னிப்புக் கேட்பார், நானும் மன்னித்தேன் என்று சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

போகிற அன்று வாசலில் நின்று கேட்டார். "தம்பி, வேற ஏதும் வேணுமே? வெக்கப்படாமல் சொல்லு."

"இல்லை அண்ணா," என்றேன்.

மனைவி உள்ளே குசினியில் நின்றாள். வெளியே வரவில்லை. அவர் அவளைத் தேடிப் பார்த்துவிட்டு வான் வண்டியில் ஏறினார்.

அவர் திரும்பிப் போன பிறகு அங்கேயிருக்கிற சொந்தக்காரர் ஒருவர் மனைவிக்குப் போன் எடுத்தார். ஒரு பிறந்தநாள் வீட்டில் அண்ணனைக் கண்டாராம். என்னைப் பற்றி விசாரித்தாராம். அண்ணன் சொன்னாராம், தம்பிக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல குளிர் அறையில் ராசா மாதிரி இருக்கிறான், வேறு என்ன வேணும் என்று தான் கேட்டும் ஒன்றும் வேண்டாம் என்றிட்டான் என்று.

மனைவி அதை எனக்குச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம்," என்றேன். "நான் அப்பிடித்தான் சொன்னனான்."